அளவு பொருந்தாத வைஸுக்குக் கைப்பிடி செய்வது எப்படி

வேலைத் துண்டை இரு தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கருவிதான் வைஸ். கைப்பிடி தொலைந்த வைஸ் ஒன்றாவது இல்லாத பட்டறை அபூர்வம். மேஜையில் பொருத்தும் பென்ச் வைஸ் என்றால் ஸ்க்ரூவின் தலைத் துளையில் கையில் கிடைத்த போல்ட்டையோ பழைய ஸ்க்ரூடிரைவரையோ செருகித் திருப்பிக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள். ட்ரில் மெஷின் வைஸ் என்றால் பைப் ரெஞ்சுதான் கதி. சரி, ஒரு கம்பியை வாங்கிப் போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். துளை 17.5 மி.மீ. இருக்கும், கடையில் 16 இருக்கும், 18 இருக்கும். மெஷின் வைஸ் ஸ்க்ரூவின் சதுர முனை 14.3 மி.மீ. இருக்கும், அதற்குப் பொருந்தும் சாக்கெட் எந்தப் பெட்டியிலும் இருக்காது.

இந்த விநோத அளவுகளுக்குப் பெரும்பாலும் காரணம் இஞ்சு. 17.5 என்பது ஐந்தரை நூல், 14.3 என்பது நாலரை நூல். இஞ்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல் வந்துவிட்டாலும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த பழைய வைஸ்களும் அவற்றைப் பார்த்து வார்த்தவையும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. எனவே வெர்னியர் அளவுகோலில் ஒரு புரியாத எண் வந்தால் முதலில் 3.175ஆல் வகுத்துப் பாருங்கள். முழு நூலாகவோ அரை நூலாகவோ வந்தால் அதுதான் அசல் அளவு. மிச்சம் மீதி எல்லாம் தேய்மானம்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். வைஸுக்கு ஏற்றபடி கைப்பிடியைச் செய்வதா, கைப்பிடிக்கு ஏற்றபடி வைஸைக் குடைவதா? எப்போதும் முதலாவதுதான். தலைத் துளையைப் பெரிதாக்கினால் அந்த இடத்தில் சுவர் மெலியும். சதுர முனையைத் தேய்த்தால் மறுபடி வளராது. கைப்பிடி கெட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம். ஸ்க்ரூ கெட்டால் அந்த மரைக்கு நட் தேடி அலைய வேண்டிவரும்.

இதிலிருந்தே அடுத்த விதியும் வருகிறது: அளவுக்கு மீறி இறுக்கினால் கைப்பிடிதான் முதலில் வளைய வேண்டும். ஸ்க்ரூ முறுகவோ, நட்டின் மரை உரியவோ, வார்ப்பிரும்பு உடல் விரியவோ கூடாது. ஆகவே கைப்பிடிக்குச் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல் என்ற மென் எஃகு) போதும். ஈ.என்.24 என்ற உறுதியான எஃகு, பழைய ஷாக் அப்சார்பர் கம்பி, டெம்பர் செய்த உளிக் கம்பி இவையெல்லாம் உறுதியானவை என்பதாலேயே இந்த வேலைக்கு ஆகாதவை.

துளையை அளப்பது

துளையை வெர்னியரின் உள் தாடையால் மட்டும் அளந்து நம்பிவிடாதீர்கள். சின்னத் துளைகளில் உள் தாடையின் தட்டையான விளிம்பு வளைவில் சரியாக உட்காராது. உள்ளதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். வாலும் அதே விட்டமாக உள்ள ட்ரில் பிட்டுகளின் வால் பக்கத்தை நுழைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. 17 நுழைந்து 17.5 நுழையவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. ட்ரில் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கிடக்கும் துண்டுக் கம்பிகள் உதவும்.

இரண்டாவது, துளையின் வாய் பொய் சொல்லும். பல வருடம் கம்பி இழுபட்ட தலையில் இரு வாயும் மணிபோல் விரிந்து, வாயில் 19, நடுவில் 17.5 என்று இருக்கும். சில மலிவு வைஸ்களில் துளையைத் துளைக்காமல் வார்ப்பிலேயே விட்டிருப்பார்கள். அது உள்ளே சரிவாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். இரண்டிலும் மிகக் குறுகிய இடமே உங்கள் அளவு. உள்ளே மண்ணும் காய்ந்த கிரீஸும் கெட்டித்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டு உருண்டை அரத்தால் சுரண்டிய பிறகே அளக்கவும். வார்ப்புப் பிசிறு மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அதைத் தேய்க்கலாம். அது வைஸைக் குடைவதாகாது.

எந்தக் கம்பி, எவ்வளவு நீளம்

கம்பி துளைக்குள் தன் எடையிலேயே சறுக்கி விழ வேண்டும். அதற்கு 0.3 முதல் 0.8 மி.மீ. இடைவெளி போதும். 17.5 துளைக்கு 17 மி.மீ. கம்பி என்றால் கச்சிதம். 18 மி.மீ. பிரைட் பாரை (வழவழப்பான எம்.எஸ். கம்பி) லேத்தில் கடைந்து 17 ஆக்கச் சொல்லுங்கள். நீளத்துக்கு மெலிந்த கம்பி என்பதால் மறுமுனையைத் தாங்க டெயில் சென்டர் கொடுத்தும் நடுவில் சற்று வளைந்து விலகும். முனைகளில் 17 வரும்போது வயிற்றில் 17.2 வரை நிற்கலாம். இந்த வேலைக்கு அது பிழையல்ல, துளையில் நுழைந்தால் சரி.

லேத் செலவு வேண்டாம் என்றால் 16 மி.மீ. கம்பியையே போடலாம். 1.5 மி.மீ. ஆட்டத்தால் இறுக்கும் வேலைக்கு ஒரு குறையும் வராது. விசை தலையின் இரு வாய் விளிம்பில்தானே விழுகிறது. கொஞ்சம் சத்தம் போடும், கொஞ்சம் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆட்டம் 2 மி.மீ. தாண்டினால்தான் தொல்லை. கம்பி குறுக்காகச் சாய்ந்து துளையில் சிக்கும், சறுக்காது. அதற்காக உள்ளே புஷ் (துளையைச் சிறிதாக்கும் குழாய் வளையம்) அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கம்பி தினம் இடித்து இழுபடும் இடம் அது. புஷ் சில மாதத்தில் வெளியே நடந்து வந்துவிடும்.

தடிமனைக் கண்ணளவில் தீர்மானிக்காமல் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. எம்.எஸ். கம்பி நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தத்தைச் சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். தலை விளிம்பிலிருந்து 200 மி.மீ. தள்ளிக் கை பிடிக்கிறது. 12 மி.மீ. கம்பி ஏறக்குறைய 22 கிலோ இழுப்பிலேயே வளையும். 14 மி.மீ. 34 கிலோ தாங்கும், 16 மி.மீ. 51 கிலோ, 18 மி.மீ. 73 கிலோ, 20 மி.மீ. 100 கிலோ. ஓர் ஆள் நின்றபடி இழுத்தால் 30 கிலோ சாதாரணமாக வரும். ஆகவே 4 இஞ்சு, 5 இஞ்சு வைஸுக்கு 16 அல்லது 17 மி.மீ. பொருத்தம்: கையால் இழுத்தால் வளையாது, இரும்புக் குழாயை மாட்டி இழுத்தால் வளையும். துளை இடம் கொடுக்கிறதே என்று இதற்கு மேல் தடிமனாகப் போவதில் லாபமில்லை. பிரைட் பார் குளிர்நிலையில் இழுத்தது என்பதால் மேலே சொன்ன எண்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும்.

நீளத்துக்கு ஒரு கைக்கணக்கு: தாடை அகலத்தைப் போல் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு. 5 இஞ்சு, அதாவது 125 மி.மீ. தாடைக்கு 280 முதல் 310 மி.மீ. நீளத்தை வைத்து வைஸின் பலத்தைக் கூட்டப் பார்ப்பது ஆபத்து. அசல் கைப்பிடியின் நீளம் நட்டும் வார்ப்பும் தாங்கும் அளவுக்கே வைக்கப்பட்டது. வெட்டுமுன் ஒரு தரம் கம்பியை முழுக்க ஒரு பக்கம் இழுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வைஸை மேஜை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் பொருத்தியிருந்தால் கம்பி முனை பலகையில் இடிக்கும். அப்போது கம்பியைக் குறைக்காதீர்கள், வைஸை முன்னே நகர்த்துங்கள். நிலையான தாடையின் முகம் மேஜை விளிம்புக்குச் சற்று வெளியே நிற்பதுதான் முறை. நீண்ட துண்டைச் செங்குத்தாகப் பிடிக்கவும் அதுதான் வசதி.

கட்டடத்துக்குப் போடும் டி.எம்.டி. கம்பி மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டாதீர்கள். அதன் வரிகள் துளை வாயில் ஒவ்வொன்றாகத் தடுக்கும். தடுக்கும் ஒவ்வொரு முறையும் துளை வாயை அரம் போல் தின்னும். உள்ளங்கையையும் விடாது.

குமிழ்கள்

கைப்பிடி செய்வதில் பலர் அவசரப்படும் இடம் இது. இரண்டு முனையிலும் குமிழ் இருந்தால் கம்பி துளைக்குள் போகாது. ஒன்றைக் கட்டாயம் பிறகுதான் மாட்ட வேண்டும். ஒரு முனையை மேஜையிலேயே நிரந்தரமாக முடித்துவிட்டு, மறுமுனையை மரையில் கழற்றும்படி செய்வது எல்லாவற்றிலும் நல்லது.

லேத் பட்டறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கம்பியின் இரு முனையிலும் 18 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. ஆகக் கடைந்து எம்10 மரை, 28 மி.மீ. வட்டத்தில் 20 மி.மீ. நீளமுள்ள இரண்டு குமிழ்கள், நடுவில் 8.5 துளையிட்டு எம்10 மரை. துளையை மறுபக்கம் ஊடுருவ விட்டால் மரை போடுவது சுலபம். குமிழ் கம்பியின் தோளில் அழுந்தி உட்கார வேண்டும். மரையின் முடிவில் ஒரு சிறு பள்ளம் வெட்டாவிட்டால் கடைசி ஒரு மரை முழுமையாக இருக்காது, குமிழ் தோளைத் தொடாமல் இடைவெளியோடு நிற்கும். அந்த இடைவெளிதான் பிறகு ஆடி ஆடி மரையை உடைப்பது. குமிழின் விட்டம் துளை வாயைவிட எட்டுப் பத்து மி.மீ. பெரிதாக இருக்கட்டும். 19க்கு விரிந்த வாயில் 22 மி.மீ. குமிழ் மாட்டினால் ஒருநாள் சாய்வாக உள்ளே ஆப்பு வைத்துக்கொள்ளும்.

லேத் இல்லாமலும் முடிக்கலாம். கம்பி முனையின் நடுவைக் குறித்து, 6.8 ட்ரில்லால் 25 மி.மீ. ஆழம் துளைத்து எம்8 டேப் அடித்து (உள்மரை வெட்டி), 30 மி.மீ. வட்டமுள்ள தடித்த வாஷரை வைத்து எம்8 போல்ட்டால் இறுக்கலாம். அழகு குறைவு, வேலை நிறைவு. கம்பி முனையில் நடுவைத் தவறவிட்டு 1 மி.மீ. விலகினாலும் வாஷர் மன்னித்துவிடும். கடைந்த குமிழ் மன்னிக்காது.

எதைப் போட்டாலும் குமிழ் தளர்ந்து கழலும், ஏனென்றால் கைப்பிடி விழும்போதெல்லாம் அது சம்மட்டி அடி போல் இடி வாங்குகிறது. நிரந்தரமான பக்கத்தில் குறுக்கே 3 மி.மீ. துளையிட்டு ஸ்ப்ரிங் பின் அடித்துவிடுங்கள். கழற்ற வேண்டிய பக்கத்துக்கு மரைப் பசை போதும். பசைக்கு முன் எண்ணெயைத் தின்னரால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

இரண்டாவது குமிழை வைஸிலேயே வைத்து வெல்டிங் அடிப்பதைத் தவிர்க்கவும். தவிர்க்கவே முடியாது என்றால் வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை அந்தக் கம்பியிலேயே, வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். வைஸின் அடியிலோ மேஜையிலோ மாட்டினால் மின்சாரம் ஸ்க்ரூ மரை வழியாகத்தான் நட்டுக்குப் போக வேண்டும்; மரை தொடும் புள்ளிகளில் பொறி அடித்துக் குழி விழும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஸ்க்ரூ கரகரக்கும், காரணம் யாருக்கும் புரியாது. வெளியே தெரியும் மரைக்கு ஈரத்துணி சுற்றிப் பொறித் துளிகளிலிருந்து காப்பாற்றுங்கள்.

மாட்டி முடித்ததும் இரு குமிழுக்கும் அடியில் ஒரு தடித்த ஓ-ரிங் அல்லது ரப்பர் வாஷர் போடுங்கள். செங்குத்தாக நிற்கும் கைப்பிடி சறுக்கி விழுந்து, குமிழுக்கும் தலைக்கும் நடுவில் விரல் சதையைக் கவ்வுவது வைஸ் பிடித்த எல்லாருக்கும் தெரிந்த வலி. ரப்பர் அதைத் தடுக்கும், டங் டங் என்ற சத்தத்தையும் குறைக்கும்.

சதுர முனை

ட்ரில், மில்லிங் மெஷின் வைஸ்களில் ஸ்க்ரூவின் முனை சதுரமாக வெளியே நீளும். இங்கே கைப்பிடி மாட்டிக் கழற்றும் வகை. நாலு முகத்தையும் இரண்டு ஜோடியாக, நுனியிலும் அடியிலும் அளக்கவும். ஒரு ஜோடி 14.3, மறு ஜோடி 14.1 என்று வருவது சகஜம். பெரிய அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்யத் தொடங்குமுன் ஒரு சோதனை. அளவு 12.5க்கும் 12.7க்கும் நடுவில் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம்: அரை இஞ்சு டிரைவ் சாக்கெட் எதையாவது தலைகீழாகத் திருப்பி, ராட்செட் கைப்பிடி நுழையும் பக்கத்தைச் செருகிப் பாருங்கள். அது 12.7 சதுரத்துக்கே செய்த துளை. 19 மி.மீ. சதுரம் என்றால் முக்கால் இஞ்சு டிரைவ் சாக்கெட் அதே வேலையைச் செய்யும். பெட்டியில் உபயோகமில்லாமல் கிடக்கும் சாக்கெட்டில் ஒரு குறுக்குக் கம்பியை வெல்டு வைத்தால் கைப்பிடி தயார். மேலே உள்ள குரோம் பூச்சைக் கிரைண்டரில் நீக்கிவிட்டே வெல்டு அடிக்க வேண்டும். அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல, பூச்சுக்கு மேல் வெல்டும் சரியாகப் பிடிக்காது.

பன்னிரண்டு மூலை சாக்கெட்டும் சதுரத்தைப் பிடிக்கும் என்று சிலர் காட்டுவார்கள். பிடிப்பது போல் தோன்றும். 14.3 சதுரத்தின் மூலைக்கு மூலை 20.2 மி.மீ.; 18 மி.மீ. சாக்கெட்டின் மூலைகளில் அது போய் நிற்கும். ஆனால் சாக்கெட்டின் பள்ளம் அகன்றது, சதுரத்தின் மூலை 90 டிகிரி. மூலையின் கூர் மட்டும் தொடும், முகம் தொடாது. நாலு தடவை பலமாக இறுக்கினால் மூலைகள் உருண்டுவிடும்.

நாலு பட்டையால் சாக்கெட்

கடையில் இல்லாத எந்தச் சதுர அளவுக்கும், லேத்தும் மில்லிங்கும் இல்லாமல், செய்யக்கூடிய வழி இது. தேவை: 25×10 எம்.எஸ். பட்டை 100 மி.மீ., 40 மி.மீ. சதுரத்தில் 8 அல்லது 10 மி.மீ. தகடு ஒன்று, கைக்கு 20×6 பட்டை 190 மி.மீ., பிடிக்கு எம்10 போல்ட் ஒன்று.

பட்டையை 22 மி.மீ. நீளமுள்ள நாலு துண்டுகளாக வெட்டுங்கள். அந்த 22தான் சாக்கெட்டின் ஆழம். சதுரத்தின் அளவைப் போல் ஒன்றரை மடங்கு ஆழம் இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். பட்டையின் விளிம்பு உருட்டாலையிலிருந்து வரும்போதே லேசாக உருண்டிருக்கும், அதைத் தட்டை அரத்தால் நேராக்குங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்து 90 டிகிரி இருந்தால் போதும்.

இப்போது நாலு துண்டையும் சதுர முனையைச் சுற்றி அடுக்க வேண்டும், பிள்ளைகளின் காகிதக் காற்றாடி மாதிரி. ஒவ்வொரு துண்டின் ஒரு விளிம்பு அடுத்த துண்டின் உள்முகத்தில் முட்டி நிற்கும். மறு விளிம்பு முந்தைய துண்டின் விளிம்பை மூடிக்கொண்டு வெளியே போகும். துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நகரக்கூடியவை என்பதால் உள்ளே உருவாகும் சதுரம் எந்த அளவுக்கும் இறங்கும். 25 அகலத்தில் 10 தடிமன் போக மிச்சம் 15; அதுதான் எல்லை. 14.3 வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டும் 0.7 மி.மீ. வெளியே துருத்தும், அவ்வளவே; பிறகு கிரைண்டரில் தட்டிவிடலாம். சதுரம் 15ஐத் தாண்டினால் 32×10 பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமுன் சதுர முனையின் நாலு முகத்திலும் 0.1 மி.மீ. தகடு ஒட்டிக்கொள்ள வேண்டும். குளிர்பான அலுமினிய டின்னின் சுவர் ஏறத்தாழ அந்தத் தடிமன்தான். கத்தரியால் வெட்டி கிரீஸ் தடவி ஒட்டினால் நிற்கும். எதிரெதிர் முகங்களைச் சேர்த்து 0.2 மி.மீ. இடைவெளி இதில் கிடைக்கிறது. அதற்கு மேல் விடாதீர்கள். 14.3 முனைக்கு 15 சாக்கெட் போட்டால் முகம் முட்டுவதற்குள் சாக்கெட் ஏறக்குறைய 3 டிகிரி வெறுமனே திரும்பும். அதன்பின் விசை முழுதும் மூலையை ஒட்டிய ஒரு கோட்டில் விழும். 0.2இல் அந்தத் திரும்பல் ஒரு டிகிரிக்கும் கீழே.

நாலு துண்டையும் சி-கிளாம்ப் இரண்டால் அழுத்திப் பிடித்து, வெளிப்புறம் நாலு சந்திலும் ஒவ்வொரு புள்ளி டாக் (தற்காலிகச் சிறு வெல்டு) வையுங்கள். இங்கும் எர்த் கிளிப் துண்டுகளில்தான் இருக்க வேண்டும், வைஸில் அல்ல. டாக் வைத்ததும் ஆறுமுன்பே லேசாகத் தட்டிக் கழற்றிவிடுங்கள். முழு வெல்டை வைஸ் முனையின் மேல் வைத்து அடித்தால் ஆறும்போது வெல்டு சுருங்கிச் சாக்கெட்டைக் கவ்வ வைத்துவிடும், அதன்பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கழற்றிய பிறகு சந்துகளில் 3 மி.மீ. சரிவு தேய்த்து, 3.15 மி.மீ. வெல்டிங் கம்பியில் 100 முதல் 120 ஆம்பியரில் முழு நீளம் வெல்டு அடியுங்கள். ஒரு மூலை அடித்தால் அடுத்து எதிர்மூலை. வரிசையாகச் சுற்றி வந்தால் சதுரம் சாய்சதுரமாகும். ஆறிய பின் உள்ளே சற்று இறுகியிருக்கும். அது நல்லதே. மார்க்கர் மையைச் சதுர முனையில் பூசிச் செருகி எடுத்து, மை ஒட்டிய இடத்தை மட்டும் சதுர அரத்தால் தேய்த்துத் தேய்த்து இறக்குங்கள். இறுகியதைத் தளர்த்தலாம், தளர்ந்ததை இறுக்க முடியாது. எல்லாம் சரியான பின் பின்புறத்தை 40 மி.மீ. தகட்டால் மூடி வெல்டு அடித்தால் சாக்கெட் முடிந்தது. தகட்டின் நடுவில் 6 மி.மீ. துளை ஒன்று இருந்தால் உள்ளே சேரும் இரும்புச் சீவலைக் கம்பியால் குத்தித் தள்ளலாம். சீவல் சேர்ந்தால் சாக்கெட் முழு ஆழம் இறங்காது, முனை நுனியில் மட்டும் பிடித்துச் சறுக்கும்.

வெல்டிங் இல்லாதவர்கள் 35 மி.மீ. உருண்டைக் கம்பியில் அரத்தாலேயே சதுரம் போடலாம், பொறுமை வேண்டும். 14.5 சதுரத்தைக் கீறிக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் இரு பக்கக் கோட்டிலிருந்தும் 1 மி.மீ. உள்ளே தள்ளிப் பஞ்ச் வைத்து 3 மி.மீ. துளை நாலு முதலில் போட வேண்டும். பிறகு நடுவில் 14. இந்த வரிசை முக்கியம்: நடுத்துளையை முதலில் போட்டால் சின்ன ட்ரில் பெரிய துளைப் பக்கம் வழுக்கி முறியும். மூலைத் துளைகள் இருப்பதால் அரத்தின் விளிம்பு மூலையில் முட்டி நிற்காது, வைஸ் முனையின் மூலையும் எங்கும் இடிக்காது. மிச்சம் நாலு பக்கமும் மெல்லிய பிறைத் துண்டு. அவற்றைச் சதுர அரத்தால் எடுப்பதுதான் வேலை.

பக்கத்தில் கொல்லர் உலை இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு. 14 துளை போட்ட அதே கம்பியைச் செம்மஞ்சளாகக் காய்ச்சி, 14.5 சதுரத்துக்குத் தேய்த்த கூம்பு முனைக் குத்தூசியை அடித்து இறக்கினால் இரண்டு மூன்று சூட்டில் சதுரம் விழும். வைஸின் சொந்த முனையையே குத்தூசியாக்க நினைக்க வேண்டாம், மரையும் பேரிங்கும் அந்த அடியைத் தாங்காது.

கைக்கு 20×6 பட்டையின் அகலம் சுழலும் திசையில் நிற்கும்படி, அதாவது பட்டையின் தட்டை முகம் பின்தகட்டில் படுக்கும்படி வைத்துச் சுற்றிலும் வெல்டு அடியுங்கள். சாக்கெட் நடுவிலிருந்து பிடி நடுவுக்கு 150 மி.மீ. 30 கிலோ இழுப்பில் அது 44 நியூட்டன் மீட்டர் தரும். பட்டை வளையத் தொடங்குவது ஏறக்குறைய 100இல். கையால் யாரும் வளைக்க முடியாது, சுத்தியலால் அடிப்பவர் வளைத்துவிடுவார். அதுதான் வேண்டியதும். பிடிக்கு எம்10 போல்ட்டைப் பட்டையின் இரு பக்கமும் நட் வைத்து இறுக்கி, அதன்மேல் 80 மி.மீ. குழாயோ துளையிட்ட மர உருளையோ அரை மி.மீ. தளர்வோடு சுழல விடுங்கள். உருளை சுழலாத பிடி நாள் முழுக்க வேலை செய்தால் உள்ளங்கையில் கொப்புளம் போடும்.

ஆறுமூலை முனை

இது சுலபம். 19.05 என்று வந்தால் அது முக்கால் இஞ்சு; 19 ஸ்பேனரும் சாக்கெட்டும் பெரும்பாலும் அப்படியே ஏறும். 17.46 வந்தால் 17 ஏறாது, 18 அரை மி.மீ. ஆடும். 18ஐப் போட்டுச் சமாளிக்காமல் 11/16 இஞ்சு சாக்கெட் ஒன்றை, ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். அதன் பின்பக்கம் அரை இஞ்சு டிரைவுக்குச் சறுக்கும் டி-பார் மாட்டினால் வெல்டிங்கே வேண்டாம்.

முனையின் மூலைகள் ஏற்கெனவே பைப் ரெஞ்சால் உருண்டுபோயிருந்தால் மட்டும் வைஸைத் தொடலாம். சதுரமானால் நாலு முகத்தையும், ஆறுமூலையானால் ஆறையும், சமமாகத் தேய்த்து அடுத்த சிறிய அளவுக்கு இறக்குங்கள். 14.3 சதுரத்தை 12.7க்கு இறக்கினால் தலைகீழ்ச் சாக்கெட் வித்தை அப்போது பொருந்திவிடும். ஒவ்வொரு பக்கமும் 0.8 மி.மீ.தான், ஆனால் எதிர்முகங்கள் இணையாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பத்து இழுப்புக்கும் வெர்னியர் வைத்துப் பார்க்க வேண்டும். உருண்ட மூலையின் மேல் வெல்டு நிரப்பி மறுபடி தேய்ப்பது வேண்டாத வேலை. சூடு ஸ்க்ரூவை வளைக்கும்.

மெஷினில் மாட்டிப் பார்ப்பது

மெஷின் வைஸின் ஸ்க்ரூ டேபிளிலிருந்து 35, 40 மி.மீ. உயரத்தில்தான் இருக்கும், 150 மி.மீ. கை சுழல வேண்டுமானால் முனை டேபிள் விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். வைஸ் டேபிளின் நடுவில் உட்கார்ந்திருந்தால் சாக்கெட்டுக்கும் கைக்கும் நடுவில் டேபிள் விளிம்பு வரை எட்டும் நீளத்துக்கு ஒரு கம்பியை வெல்டு வைத்து நீட்டுங்கள். 20 மி.மீ. தடிமனுக்குக் குறையாத கம்பியாக இருக்கட்டும், மெலிந்தால் முறுகும், இறுக்கும் உணர்வே கைக்கு வராது.

முதல் இறுக்கம் ஒரு எம்.எஸ். துண்டின் மேல். மூன்று நான்கு தடவை இறுக்கித் தளர்த்திவிட்டுச் சதுர முனையைப் பாருங்கள். நாலு முகத்திலும் மூலையை ஒட்டி ஒரே அளவில் மினுமினுப்பு இருந்தால் சாக்கெட் சரி. இரண்டு எதிர்முகங்களில் மட்டும் மினுங்கினால் அந்த இரண்டும்தான் சுமக்கின்றன. சாக்கெட்டின் உள்ளே அந்த இரு பக்கத்தையும் 0.1 மி.மீ. தேய்த்தால் மற்ற இரண்டும் வேலைக்கு வரும். நுனியில் மட்டும் மினுங்கினால் சாக்கெட் முழுதும் இறங்கவில்லை என்று பொருள்: சீவலைத் தட்டுங்கள், அல்லது சதுரத்தின் அடியில் உள்ள வளைவு இடிக்கிறதா என்று பார்த்துச் சாக்கெட் வாயில் 1 மி.மீ. சரிவு கொடுங்கள்.

இறுக்கியதும் கைப்பிடியைக் கழற்றி வைத்த பிறகே மோட்டார் ஸ்விட்ச். அதிர்வில் நழுவிக் காலில் விழும், அல்லது டேபிள் நகரும்போது மெஷின் உடலில் இடித்து வைஸையே திருப்பிவிடும். மெஷின் பக்கவாட்டில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டிப் பழகினால் தேட வேண்டியதில்லை.